மீச்சிற்றளவு

எக்ஸ்ரே பருப்புகளைப் பிளந்து தாமதப்படுத்துதல் என்று தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. வனஜா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பருப்புதான், சந்தேகமே இல்லை. இரண்டாம் பக்கத்தில் பருப்பு படிகத்தில் பட்டுத் திரும்பியது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு பருப்புகளும் ஒரே புள்ளியில் வந்து விழவேண்டும், மயிரிழை பிசகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அடுக்களையில் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. உலகத்துப் பருப்பெல்லாம் இன்றைக்குக் காலையில் தன் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. ஒன்பது மணிக்கு, அங்கே விடிகாலை ஷிப்டுக்குப் போகும் முன், வாரி பேசியபோதே கேட்டுவிட்டாள். "ஏண்டி, ஜெர்மனிக்குப் போய் பருப்பா உடைக்கிறே? சொல்லியிருந்தா நான் இங்கேயே திரிகைல உடைச்சு அனுப்பியிருப்பேனே." வாரி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்கிலீஷ்ல எழுதி மெஷின்ல போட்டேன்டி, அது இப்படித் துப்பிடுச்சு. பல்ஸ்னா பருப்புன்னு நெனச்சுக்கிச்சு போல. நீ திருத்திக் குடுத்துடு, உனக்குத்தான் தமிழ் வரும்." "எனக்குத் தமிழ் மட்டுந்தான் வரும்னு சொல்றே." "ஆரம்பிச்சுட்டியா! ஏழு நிமிஷம் முந்திப் பொறந்ததுக்கு எழுபது வருஷத்துக்குக் குத்திக் காட்டுவே. உள்ள போகணும், போனை அமர்த்திப் பைல போட்டுடுவேன், இனி பிரேக்ல தான் பார்ப்பேன். மார்கரெட் பதினொன்றரைக்கு வருவா, குடுத்துடு என்ன?" வைத்துவிட்டாள். வாரிஜா என்று பேர். வனஜா, வாரிஜா, இரண்டுக்கும் தாமரை என்றுதான் அர்த்தம், அப்பாவுக்கு இரண்டாவது பேர் யோசிக்கக்கூடப் பொறுமை இல்லை. பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் தோண்டி அதில் எக்ஸ்ரே வெளிச்சத்தை விரட்டுகிற இடத்தில் வாரிக்கு இருபது வருஷமாக உத்தியோகம். கான்வென்ட் நூற்றாண்டு மலருக்கு இரண்டு பேரும் படித்த அதே பள்ளிக்கூடம் அவளிடம்தான் கட்டுரை கேட்டது. வனஜாவிடம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில் கேட்டது, விழாவன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு. இரண்டையும் வாங்கிப்போக வருகிற மார்கரெட் கூடப் படித்தவள், மலர் பொறுப்பு அவள் தலையில்.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். பருப்பு என்று இருக்கிற இடத்தையெல்லாம் அடித்துத் துடிப்பு என்று எழுதினாள், பதினேழு இடம், எழுத எழுதக் கையே துடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. நாடி என்று போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், வேண்டாம், வைத்தியர் வீட்டு வாசனை அடிக்கும். விஷயம் அப்படியொன்றும் புரியாததாக இல்லை, மெஷின்தான் புரியாமல் பண்ணியிருந்தது. ஒரே ஒரு எக்ஸ்ரே துடிப்பு வருகிறது. அதை ஒரு படிகத்தின் விளிம்பில் மோதவிட்டு இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒன்று நேரே போகிறது. இன்னொன்றை இந்தப் படிகம், அந்தப் படிகம் என்று நாலு இடத்தில் முட்டவிட்டுச் சுற்றுவழியில் அனுப்புகிறார்கள். சுற்றுவழி என்றால் ஊரைச் சுற்றி அல்ல, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம், அவ்வளவுதான். அதற்குள் அது பிந்திவிடுகிறது. எவ்வளவு பிந்துகிறது? ஒரு நொடியை ஆயிரமாக உடைத்து, அதில் ஒன்றை எடுத்து ஆயிரமாக உடைத்து, இப்படி நாலு தடவை உடைத்தால் மிஞ்சுமே, அத்தனை. முதலில் போனது பொருளின் மேல் விழுந்து அதை ஓர் உலுக்கு உலுக்குகிறது, பின்னால் வந்தது அதே இடத்தில் விழுந்து என்ன ஆச்சு என்று படம் பிடிக்கிறது. இதற்குத்தான் இத்தனை பேர் கண் விழித்து, கோடை விடுமுறைக்குக்கூட ஊருக்கு வராமல். கண்ணிமைக்கிற நேரத்தில் பூமியில் எத்தனையோ நடந்து முடிந்துவிடுகிறது என்று வாரி எழுதியிருந்தாள், அது நல்ல வரி, மெஷின்கூடக் கெடுக்க முடியாத வரி, வனஜா அதை அப்படியே விட்டாள். கிரைண்டரில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள். 'தாமதப்படுத்துதல்' தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று அடித்து, 'பிந்த வைத்தல்' என்று போட்டாள். நாலாம் பக்கம், கடைசிப் பாரா. அங்கேதான் பேனா நின்றது. 'தாமதம் எப்போதும் தீமை அல்ல. 1987இல் எங்கள் ஆய்வுக்கூட ஆசிரியை சிஸ்டர் அமலோற்பவம் என் செய்முறைத் தேர்வுத் தாளைத் தொலைத்துவிட்டதால் நான் ஒரு வருடம் பிந்தினேன். அந்த அலட்சியத்துக்கு இன்று நன்றி சொல்கிறேன்.'

இதை மெஷின் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்திருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை. சிஸ்டர் அமலோற்பவம் வருகிறாள், வயசு எண்பத்தாறு, முன்வரிசையில் சக்கர நாற்காலி போட்டு உட்காரவைத்து முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறோம் என்று மார்கரெட் போன வாரம் சொன்னாள், பெருமையாக, ஏதோ தானே சிஸ்டரைப் பெற்று வளர்த்தவள் போல. கண்ணு நல்லாத் தெரியுதுடி அவங்களுக்கு, கண்ணாடி இல்லாம படிக்கிறாங்க என்று வேறு சொன்னாள். தெரியாதா பின்னே. வெர்னியர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம் அந்தக் கண்ணுக்கு. வெள்ளை அங்கியின் பையில் எந்நேரமும் வெர்னியர் காலிபர், ஜெபமாலையோடு சிக்கிக்கொண்டு நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும், அந்தச் சத்தம் வராந்தா முனையில் கேட்டால் வகுப்பு அடங்கும். முதல் நாள் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்ததுமே கேட்பாள், லீஸ்ட் கவுண்ட் சொல்லு. எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்னாலும் அதனால் அளக்க முடிகிற ஆகச் சின்ன அளவு எது என்று சொல்லணும், சொல்லாவிட்டால் கருவி கிடையாது. தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் அதையே மீச்சிற்றளவு என்று சொல்லும், பக்கத்து வகுப்பிலிருந்து கூட்டமாக ஒப்பிக்கிற சத்தம் வரும், மீச்சிற்றளவு, மீச்சிற்றளவு, வாரியும் தானும் கான்வென்ட் இங்கிலீஷ் திமிரில் அதைக் கேட்டுச் சிரிப்போம், இன்றைக்கு நினைத்தால் அதுதான் எவ்வளவு அழகான வார்த்தை, வாய்க்குள் ஒரு மிட்டாய் புரள்கிற மாதிரி. அந்தக் கூடத்தின் வாசனை. ஸ்பிரிட், ஈரத் துணி, பித்தளை தேய்த்த பொடி, ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்கிற வாசனை என்றுகூட ஒன்று இருந்தது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோடியில் கறுப்புத் திரை போட்ட இருட்டறை, அதற்குள் சோடியம் விளக்கு. ஏற்றியதும் முதலில் ரோஸ் கலராக முனகிவிட்டு மெல்ல மெல்ல மஞ்சளாகும், அந்த மஞ்சளில் எல்லாருடைய உதடும் செத்துப்போனவர்கள் உதடு மாதிரி சாம்பலாகத் தெரியும், ரிப்பன் சிவப்போ பச்சையோ ஒன்றும் தெரியாது. அதற்குள் நின்றால் தானும் வாரியும் கொஞ்சம் மிச்சமிருந்த வித்தியாசத்தையும் இழந்து ஒரே ஆளாகிவிடுவோம். சிஸ்டர் மட்டும் இருட்டிலும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், தப்பவே தப்பாது. எப்படி சிஸ்டர் கண்டுபிடிக்கிறீங்க என்று வாரி ஒருநாள் கேட்டாள். "உங்க லீஸ்ட் கவுண்ட் எங்கிட்ட இருக்குடி" என்றாள், சிரிக்காமல். சிரித்தால் பல் எடுப்பாக இருக்கும் என்று அந்த அம்மாளுக்கு ஒரு கூச்சம்.

கிரைண்டர் சத்தம் மாறியிருந்தது, கெட்டியாகிறது, எழுந்துபோய் இன்னும் ஒரு கை தண்ணீர். விரலில் எடுத்துப் பார்த்தாள், போதாது, இன்னும் பொங்கணும். இவருக்கு இட்லி பூவாக இருக்கவேண்டும், மின்வாரியத்தில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இருட்டு சப்ளை செய்துவிட்டு வீட்டில் இட்லி மட்டும் பூவாக வேண்டும். அப்போது பிப்ரவரி மாசம். அதுவும் இந்த மாதிரி வெயில்தான். செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் வாரிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பி, வாய் திறக்க முடியாமல், கண் மட்டும் பிதுங்கி, முதல் தடவையாக எங்கள் முகம் இரண்டும் வேறு வேறாயிற்று. அம்மா உடனே பீரோவைத் திறந்து தன்னுடைய ரெட்டை வடச் சங்கிலியை எடுத்து அவள் கழுத்தில் போட்டாள், பொன்னு போட்டால் வீக்கம் வடியும் என்று. அந்தச் சங்கிலி இரண்டு பேரில் யாருக்கு என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டால் முந்திப் போறவளுக்கு என்பாள், முந்திப் போறது என்றால் கல்யாணம் ஆகிப் போவது. வாரி வீங்கின கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். ராணி மாதிரி. வலியில் அழுகிற ராணி. பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு நாற்பத்தேழு. நாற்பத்தாறோடு காலை பேட்ச் முடிகிறது, நாற்பத்தேழிலிருந்து மத்தியான பேட்ச், கத்தி வைத்து அறுத்த மாதிரி சரியாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். போகாவிட்டால் வருஷம் போச்சு. வாரியால் பேச முடியவில்லை, பழைய நோட்டில் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: நீயே போடி. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. தேர்வாளர் வெளியூர்க்காரர், தடிக் கண்ணாடி, இரண்டு தாமரையைப் பார்த்திராதவர். காலையில் தன் பேட்சை முடித்து, கொய்யா மரத்தடியில் புளியோதரையை விழுங்கி, பின்னலை அவிழ்த்து வாரிஜா போடுகிற மாதிரி இடது பக்கம் ரிப்பன் வைத்து மறுபடி பின்னி, ஒன்றரை மணிக்குத் திரும்பவும் அதே கதவுக்குள் போனாள். சிஸ்டர் கதவருகில் நின்று ஒவ்வொருத்தியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். வனஜாவின் முகத்தைப் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். "வாரிஜா, உள்ள போ" என்றாள். அந்தப் பேரைச் சொல்லும்போது ஜெபமாலையைப் பிடித்திருந்த கையை விடவில்லை. தெரியும் அவளுக்கு. தெரிந்தே விட்டாள்.

குலுக்கலில் வந்தது பட்டகத்தின் கோணம். பட்டகத்தின் கூர் விளிம்பை ஒளிக்கு நேராகத் திருப்பி வைக்கணும். ஒரே கீற்று வெளிச்சம் அந்த விளிம்பில் மோதி இரண்டாகப் பிரிந்து ஒன்று இந்தப் பக்கச் சுவரிலும் மற்றது அந்தப் பக்கச் சுவரிலும் பட்டுத் தெறிக்கும்; தொலைநோக்கியை இடத்துக்கும் வலத்துக்கும் நகர்த்தி இரண்டையும் பிடித்துக் கோணம் எடுக்கணும். என்ன அழகு அது. மஞ்சளாக ஒரு கோடு, கம்பி மாதிரி, குறுக்கு இழையில் வந்து உட்காரும்போது உடம்பெல்லாம் ஒரு நிம்மதி வரும். வாரிக்காகச் செய்கிறோம் என்பதால் தனக்குச் செய்ததைவிட நன்றாகவே செய்தாள், அறுபது டிகிரிக்குக் கோணக் கணக்கில் ஒரு நிமிஷம்தான் குறைந்தது, தேர்வாளரே எட்டிப் பார்த்து வெரி குட் என்றார். அப்புறம் வெளியே வெளிச்சத்துக்கு வந்து, மேஜையில் உட்கார்ந்து, விடைத்தாளின் மேல்மூலையில் பதிவு எண். எழுதினாள். நாற்பத்தாறு. அவ்வளவுதான். பேனா நுனி காகிதத்தில் பட்டு எழும்புகிற நேரம். பழக்கதோஷம், கை தானாகப் போட்டது, காலையில் போட்ட எண்தானே, யாருக்கும் வரும். முப்பத்தெட்டு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொள்கிறாள், துணி உலர்த்தும்போது, காய் நறுக்கும்போது, கோயிலில் வரிசையில் நிற்கும்போது, பழக்கதோஷம், பழக்கதோஷம். சொல்லி முடித்ததும் உள்ளே ஒன்று நக்கலாகக் கேட்கும்: முதல் நாலு இலக்கத்தையும் நிதானமாகப் போட்டாயே, ஐந்தாவதையும் போட்டாயே, ஆறாவதிடம் மட்டும் என்ன பழக்கம்? அந்தக் கணத்துக்குள் என்ன இருந்தது? சங்கிலியா? பாயில் படுத்திருந்த ராணியா? அதுவரை எல்லாவற்றிலும் தன்னைவிட ஒரு மார்க் கூடவே எடுத்துக்கொண்டிருந்தவள் தான் செய்த நல்ல அளவையும் தன் பேரில் எடுத்துக்கொள்ளப் போகிறாளே என்பதா? ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் எட்டிப் பார்க்கிற கருவி தன்னிடம் இல்லை. ஜெர்மனியில் இருக்கிறதாம். சாயங்காலம் சிஸ்டர் நிறுத்திவைத்தாள். எல்லாரும் போய், தேர்வாளர் காபிக்குப் போய், சோடியம் விளக்கு அணைந்து சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம். "உன் நம்பர் என்ன?" "நாப்பத்தாறு சிஸ்டர்." மேஜையில் இரண்டு தாளை வைத்தாள். இரண்டிலும் நாற்பத்தாறு. ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம். பிறகு, "அவளுக்கு வீக்கம் எப்படி இருக்கு?" "கொஞ்சம் பரவாயில்ல சிஸ்டர்." "வேப்பிலை அரைச்சுப் போட்டீங்களா?" "பொன்னு போட்டிருக்கு. அம்மாவோட ரெட்டை வடம்." அதைச் சொல்லும்போது தன் குரல் எப்படி இருந்தது என்று தனக்கே கேட்டது. சிஸ்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தாள், ஏதோ முள் நகர்ந்ததைக் குறித்துக்கொள்கிறவள் மாதிரி. மத்தியானத் தாளை நாலாக மடித்து அங்கிப் பையில் போட்டாள். "பின்னாடி கேட் வழியாப் போ. யார்கிட்டயும் பேசாத."

மறுநாள் சிஸ்டர் அமலோற்பவம் தேர்வாளரிடம் நாற்பத்தேழாம் எண்ணின் தாளைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னாள். வருகைப் பதிவில் ஆள் இருக்கிறது, தாள் இல்லை. விசாரணை, மேலிடத்திலிருந்து ஆள், ஆறு மாசம். ஆள்மாறாட்டம் என்று தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் மூன்று வருஷம் பரீட்சையே எழுத முடியாது, அது மட்டும் நடக்கவில்லை. வாரிக்கு ஒரு வருஷம் போனதோடு நின்றது. வாரி பாயில் புரண்டு அழுதாள், கிழவி தொலைச்சுட்டா, கிழவி தொலைச்சுட்டா. அப்போது சிஸ்டருக்கு வயசு நாற்பத்தெட்டு, இன்றைக்குத் தனக்கு இருப்பதைவிடக் குறைச்சல். மே மாசம் ரிசல்ட். ஜூன் மாசம் பெண் பார்க்க வந்தார்கள். பிளஸ் டூ முடிச்ச பொண்ணு எது என்று மாமியார் கேட்டாள், கடையில் எது புதுசு என்று கேட்கிற மாதிரி, அம்மா தன்னைக் காட்டினாள். முந்திப் போனவளுக்குச் சங்கிலி வந்தது. சங்கிலியோடு மின்வாரியமும் வந்தது. பி.எஸ்ஸி. சேர்ந்து படிக்கலாம் என்று பேச்சு, பேச்சு ஆவணியோடு முடிந்தது, அடுப்படியில் என்ன பிஸிக்ஸ் என்றாள் மாமியார், அதுவும் ஒரு நல்ல கேள்விதான். இரண்டு தடவை கண் வீங்கித் தாய்வீட்டுக்கு வந்தாள், அந்த வீக்கத்துக்கு யாரும் பொன்னு போடவில்லை. அப்பா ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாரி பக்கம் திரும்பி, இது படிக்கட்டும், இதை யாரும் கேட்டு வரவேண்டாம் என்றார். அப்படித்தான். நேரே போனது மோதி நின்றது. சுற்றுவழியில் போனது பார்த்துக்கொண்டே பின்னால் வந்து, மதுரை, பெங்களூர், ஜெர்மனி. சிஸ்டரை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சபைக்குச் சொந்தமான ஹாஸ்டல் ஒன்றில் ஸ்டோர் ரூம். ஓய்வு பெறுகிறவரை அங்கேயே. ஒருதரம் வனஜா மார்கரெட்டோடு பார்க்கப் போனாள், வாசல்வரை போய் உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது, சிஸ்டர் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று துவரம்பருப்பை ஆழாக்கால் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு ஆழாக்குக்கும் விரலால் மேல்மட்டத்தை வழித்துவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், வெர்னியர் பார்க்கிற மாதிரியே. வனஜாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. அன்றைக்கு மார்கரெட்டிடம் தலைவலி என்றுதான் சொன்னாள்.

கிரைண்டர் நின்றுவிட்டது. நேரம் வைத்தது தானாக நின்றது. மணி பத்து ஐம்பது. மாவை வழிக்கணும், மார்கரெட் வருவாள், வந்தால் உட்காருவாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அலட்சியம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அல்லது சிஸ்டர் பேரை எடுத்துவிட்டு 'ஆய்வுக்கூடத்தில் என் தாள் தொலைந்துவிட்டதால்' என்று போட்டால், யாருக்கும் உறுத்தாது, தமிழ் அதற்கென்றே செய்த பாஷை, ஆள் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும், கண்ணாடி உடைந்துவிட்டது, பால் பொங்கிவிட்டது, தாள் தொலைந்துவிட்டது. அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள். அதற்கு முன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைச் சரியாகத் திருத்தவில்லை என்ற ஞாபகம் வந்து திருப்பினாள், வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்கு, வேறென்ன. மெஷின் அதைக் கந்தல் பண்ணியிருந்தது. எழுவாய் எங்கேயோ, பயனிலை எங்கேயோ. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து முடிச்சை அவிழ்த்து எழுதினாள்: 'முதல் துடிப்பு விழுகிற கணத்தை நேராக யாராலும் பார்க்க முடியாது. அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பது, பின்னால் வருகிற இரண்டாவது துடிப்பு அதே இடத்தில் விழும்போதுதான் தெரியும்.' எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தாள். முற்றுப்புள்ளியிலேயே பேனா நின்று சிவப்பு மை ஊறிப் பரவியது. பேனா. சிஸ்டருடைய பேனா. மேஜையில் இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு பேனா இருந்தது, மூடி கழற்றி, நிப்பு தன் பக்கம் பார்த்து. இத்தனை வருஷமாக அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், தாள் இருக்கும், சோடியம் விளக்கின் டிக் டிக் இருக்கும், பேனாவை மட்டும் எப்படியோ பார்க்காமல் தாண்டிவிடுவாள். எண் தப்பாகப் போட்டால் அடித்துத் திருத்தி எழுதுவதும், பக்கத்தில் ஆசிரியை கையெழுத்துப் போடுவதும் தினம் நடக்கிறதுதானே. சிஸ்டர் தானாகத் திருத்த மாட்டாள், அந்தக் கைக்கு அது வராது. நீ திருத்து, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அதுதான் அந்தக் கொஞ்ச நேரம். கை தவறிப் போட்டவள் என்ன செய்வாள்? ஐயோ சிஸ்டர் என்று பேனாவைப் பிடுங்கியிருப்பாள். தான் பேனாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். சிஸ்டர் பேனாவை மூடியதற்கு அப்புறம்தான் வீக்கத்தைப் பற்றிக் கேட்டாள். எண் போட்ட கணத்துக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது, போகட்டும். பின்னால் வந்த அந்தக் கொஞ்ச நேரம் அதே இடத்தில் விழுந்து எடுத்த படம் இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது, கழுவாத ஃபிலிமாக.

எழுந்து மாவை வழித்தாள். கை முழங்கைவரை வெள்ளை, பஞ்சு மாதிரி பொங்கியிருந்தது, நாளைக்கு இட்லி பூவாகத்தான் வரும், அதற்கென்ன குறைச்சல். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இத்தனை வருஷம் இதற்கா இந்தப் பாடு என்று. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிப் பாராவில் அலட்சியம் உள்ள வரியைக் கோடு போட்டு அடித்தாள். 'தொலைத்துவிட்டதால்' என்பதை உற்றுப் பார்த்தாள். இந்த 'விட்டு'தான் கெடுக்கிறது. தொலைத்துவிட்டாள் என்றால் கை தவறி. தொலைத்தாள் என்றால் வேண்டுமென்றே. 'விட்'டை வெட்டினாள். 'தொலைத்ததால்.' பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுப் பக்கத்தின் அடியில் எழுதினாள்: சிஸ்டர் அந்தத் தாளை எங்கள் இருவரையும் காப்பாற்றுவதற்காகத் தொலைத்தார். தங்கைக்குப் பதிலாகத் தேர்வு எழுதியவள் நான். தாளில் தவறுதலாக என் எண்ணை எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்தாள். பாரேன், இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. 'தவறுதலாக'வை அடித்தாள். 'எழுதிவிட்டேன்' என்பதை அடித்து 'எழுதினேன்' என்று போட்டுத் தொடர்ந்து எழுதினாள்: திருத்தச் சொல்லிப் பேனா கொடுத்தார், நான் வாங்கவில்லை. திருத்தியவர், வனஜா. திருத்தியவர் என்ற சொல்லைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் பிந்தி. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாரிக்கு அனுப்பினாள். கூடவே பேசியும் அனுப்பினாள்: "வாரி, உன் பருப்பெல்லாம் பொறுக்கிட்டேன். கடைசிப் பக்கத்துல அடியில படி. எழுதுனது நான், உன் கட்டுரையில எழுதியிருக்கேன், உனக்கு வேண்டாம்னா மார்கரெட்டுக்குப் போன் போட்டு எடுத்துடச் சொல்லு, அது உன் உரிமை. ஆனா கிழவி தொலைச்சுட்டான்னு மட்டும் அந்தம்மா கையில குடுக்காத. திட்டுறதா இருந்தா எனக்குப் போன் பண்ணித் திட்டு." செய்தியின் அடியில் ஒரு டிக் விழுந்தது.

மார்கரெட் பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டாள், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கத்திக்கொண்டு. "அடியே வனஜா, முடிச்சுட்டியா? பிரஸ்காரன் பன்னண்டுக்கு மிஷினை ஓட்டணுங்கிறான்." "உள்ள வந்து தொலையேன், தெருவுக்கே மலரை வெளியிடாத." ஊறுகாய் பாட்டில் இரண்டையும், நாலு பக்கத்தையும் கொடுத்தாள். மார்கரெட் நின்றபடியே புரட்டினாள், சிவப்பைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். "என்னடி, ஒரே ரத்தக்களரியா இருக்கு! பருப்பெல்லாம் எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு. ஒரு கல்லு மட்டும் இருக்கு, கடைசிப் பக்கத்துல. அதை எடுக்காத." "என்ன கல்லு?" "படிச்சுப் பாரு, பல்லுல படும்." மார்கரெட் படித்தாள். உதடு அசைந்து, நின்று, திரும்பவும் மேலே போய் அசைந்தது. "சிஸ்டர் இதைப் படிப்பாங்கடி" என்றாள், கடைசியில், மெதுவாக. "கண்ணாடி இல்லாம படிக்கிறாங்கன்னு நீதானே சொன்னே." மார்கரெட் தாள்களை நாலாக மடிக்கப் போனாள். "மடிக்காத" என்றாள் வனஜா, தானே எதிர்பார்க்காத சத்தத்தில். மார்கரெட் அவற்றை மடிக்காமலே பைக்குள் நேராக வைத்துக்கொண்டு போனாள். கேட் சாத்துகிற சத்தம், ஸ்கூட்டர், தெருமுனை. மேஜையில் போனைப் பார்த்தாள். இரண்டாவது டிக் எப்போதோ விழுந்திருந்தது. வெயில் ஜன்னல் கம்பியில் பட்டு இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கொய்யா மரத்தடியில் புளியோதரை தின்ற பெண்ணுக்கு என்ன வயசு, பதினேழு, பதினேழுதான், அவள் பின்னலை அவிழ்த்து இடது பக்கம் ரிப்பன் கட்டிக்கொள்ளும்போது தங்கைக்காக என்று நிஜமாகவே நினைத்தாளே, அதுவும் நிஜம்தானே, அதையும் யாராவது படம் எடுத்திருந்தால் தேவலை. டிக் இரண்டும் நீலமாயின. போன் அதிர்ந்தது. திரையில் வாரி. முதல் மணி முழுதாக அடித்தது. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

"சொல்லுடி" என்றாள். "நாப்பத்தாறு பேசறேன்."